குன்னூரில் உட்கார்ந்து கூடலூர் லாகினைப் பார்த்துக்கொள்வது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நீலகிரியில் எஸ்டேட் ஆபீஸ், தேயிலை பேக்டரி, பள்ளி, ஆஸ்பத்திரி என்று எங்கே கம்ப்யூட்டர் பார்த்துக்கொள்பவரைச் சந்தித்தாலும் சந்தேகங்கள் சுற்றிச் சுற்றி இவைதான். கேட்டவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகளை வைத்திருக்கிறேன்.

எல்லாப் பதிலுக்கும் ஒரே அமைப்பை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். தலைமை ஆபீஸ் குன்னூரில். பேக்டரிகள் கோத்தகிரி, மஞ்சூர், கூடலூர், பந்தலூர் பக்கம். குன்னூரில் விண்டோஸ் சர்வரில் ஆக்டிவ் டைரக்டரி ஓடுகிறது, அதாவது எல்லா யூசர், கம்ப்யூட்டர் பட்டியலையும் ஒரே இடத்தில் வைத்திருக்கும் மைக்ரோசாப்ட் வசதி. அந்தப் பட்டியலுக்குள் வரும் எல்லாம் சேர்ந்து ஒரு டொமைன், பட்டியலை வைத்து லாகினைச் சரிபார்க்கும் சர்வர்தான் டொமைன் கன்ட்ரோலர். கூடலூரில் மட்டும் இரண்டாவதாக ஒரு டொமைன் கன்ட்ரோலர். மற்ற இடங்கள் எல்லாம் குன்னூரை நம்பித்தான்.

சார், ஒவ்வொரு கம்ப்யூட்டர்லயும் தனித்தனியா யூசர் போட்டு வெச்சிருக்கோம். டொமைன்னு ஒண்ணு கட்டாயம் வேணுங்களா?

கம்ப்யூட்டர் நாலைந்துதான், ஆட்களும் மாறுவதில்லை என்றால் வேண்டாம். அதற்கு மேல் போனால் வேண்டும். லோக்கல் அக்கவுண்ட் அந்த ஒரு பெட்டிக்குள் மட்டும்தான் செல்லும். பத்துப் பெட்டி என்றால் பத்துத் தடவை அதே வேலை. டொமைனில் யூசர் பட்டியல் ஒரே இடத்தில், டொமைன் கன்ட்ரோலரில் இருக்கும். அங்கே ஒரு தடவை மாற்றினால் போதும். லோக்கல் அக்கவுண்டில் இன்னொரு வில்லங்கமும் உண்டு. யூசர் விண்டோஸின் சொந்த வசதியால் என்க்ரிப்ட் செய்து வைத்த ஃபைல்கள் இருந்து, அதன் சாவியை பேக்கப் எடுக்காமல் விட்டிருந்தால், அட்மின் பாஸ்வேர்டை ரீசெட் செய்ததும் அந்த ஃபைல்கள் திறக்காது.

சர்வர் லைசென்ஸ் விலைதான் தடை என்றால் லினக்ஸில் சாம்பா இருக்கிறது. 2012 டிசம்பரில் வந்த 4.0 பதிப்பிலிருந்து அதுவே ஆக்டிவ் டைரக்டரி டொமைன் கன்ட்ரோலராக வேலை செய்யும். கீழே சொல்லும் மைக்ரோசாப்ட் கருவிகளை வைத்தே அதையும் நிர்வகிக்கலாம். ஒன்று மட்டும் கவனம்: விண்டோஸ் ஹோம் பதிப்பு டொமைனில் சேராது. விலை குறைவு என்று ஹோம் பதிப்போடு லேப்டாப் வாங்கிவிட்டு அப்புறம் முழிப்பது எல்லா ஊரிலும் நடக்கிறது.

டொமைன் கன்ட்ரோலர் சர்வர் ரூம்ல இருக்கு. அங்கே போகாம என் சீட்ல இருந்தே யூசர் போட என்ன இன்ஸ்டால் பண்ணணும்?

ஆர்சாட் என்று சுருக்கமாகச் சொல்லும் ரிமோட் சர்வர் அட்மினிஸ்ட்ரேஷன் டூல்ஸ். முன்பெல்லாம் தனியாக டவுன்லோடு செய்ய வேண்டியிருந்தது. விண்டோஸ் 10-இன் 1809 பதிப்பிலிருந்து விண்டோஸுக்குள்ளேயே வந்துவிட்டது. செட்டிங்ஸில் ஆப்ஷனல் ஃபீச்சர்ஸ் போய், ஆர்சாட் என்று தேடி, ஆக்டிவ் டைரக்டரி டொமைன் சர்வீசஸ் என்று தொடங்கும் வரியை மட்டும் டிக் செய்யுங்கள். பட்டியலில் உள்ள எல்லாவற்றையும் போட வேண்டியதில்லை. உங்கள் கம்ப்யூட்டரில் புரோ, எண்டர்பிரைஸ், எஜுகேஷன் இவற்றில் ஒன்று இருக்க வேண்டும்.

போட்டதும் விண்டோஸ் டூல்ஸுக்குள் "ஆக்டிவ் டைரக்டரி யூசர்ஸ் அண்ட் கம்ப்யூட்டர்ஸ்" வந்திருக்கும். நிறையப் பேர் காலத்துக்கும் அதோடு நின்றுவிடுகிறார்கள். பக்கத்திலேயே "அட்மினிஸ்ட்ரேடிவ் சென்டர்" என்று ஒன்று இருக்கும், அதையும் திறந்து பாருங்கள். மவுஸால் நீங்கள் செய்யும் ஒவ்வொரு வேலைக்கும் உரிய பவர்ஷெல் கட்டளையை (விண்டோஸில் அடித்தே வேலை வாங்கும் முறை) அது கீழே காட்டும். பவர்ஷெல் கற்றுக்கொள்ள அதைவிட லேசான வழி கிடையாது.

ரிமோட் டெஸ்க்டாப்ல சர்வருக்குள்ளேயே போயிட்டா வேலை முடிஞ்சுது. இதெல்லாம் எதுக்குங்க?

எனக்கு அதிகம் வரும் கேள்வி இதுதான், அதிகம் சண்டை வருவதும் இதில்தான். ஒரு யூசரின் போன் நம்பரை மாற்ற டொமைன் கன்ட்ரோலருக்குள் நுழைய வேண்டிய அவசியம் இல்லை. உள்ளே போனால் கைக்கு எட்டுவது யூசர் பட்டியல் மட்டும் அல்ல, சர்வர் முழுவதும். சைன் அவுட் கொடுக்கப் போய் ரீஸ்டார்ட்டை அழுத்தியவர்கள், ஒரு பில்லைப் பார்க்க சர்வரிலேயே பிரவுசரைத் திறந்தவர்கள், அங்கேயே மெயில் படித்தவர்கள் என்று எல்லோரையும் இந்த மலையில் பார்த்தாயிற்று. இலை ஏலத்துக்கு இன்வாய்ஸ் போகும் நேரத்தில் டொமைன் கன்ட்ரோலர் ரீஸ்டார்ட் ஆனால் என்ன பேச்சு வாங்குவீர்கள் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

இன்னொரு நடைமுறைக் காரணமும் இருக்கிறது. விண்டோஸ் சர்வர் இயல்பாக ஒரே நேரத்தில் இரண்டு அட்மின் செஷன்களைத்தான் அனுமதிக்கும். ஒருவர் டிஸ்கனெக்ட் மட்டும் செய்துவிட்டு வீட்டுக்குப் போயிருப்பார், இன்னொருவர் உள்ளே இருப்பார். அவசரத்துக்கு மூன்றாவதாக வருபவர் வெளியே நிற்க வேண்டியதுதான். ஆர்சாட்டில் அந்தத் தொல்லை கிடையாது. லைன் மிகவும் மெதுவான இடத்தில் ஜன்னல் கருவி ஒவ்வொரு கிளிக்குக்கும் திணறும் என்பது உண்மைதான். அங்கே பவர்ஷெல் ஒரே வரியில் வேலையை முடித்துவிடும்.

என் தினசரி லாகினுக்கே டொமைன் அட்மின் உரிமை கொடுத்துட்டா என்ன தப்பு? ரெண்டு பாஸ்வேர்ட் ஞாபகம் வெச்சுக்க முடியலை.

நீங்கள் மெயிலில் வந்த ஒரு கெட்ட அட்டாச்மென்ட்டைத் திறந்தால், அது உங்கள் உரிமையோடுதான் ஓடும். சாதாரண லாகின் என்றால் சேதம் உங்கள் கம்ப்யூட்டரோடு நிற்க வாய்ப்பிருக்கிறது. டொமைன் அட்மின் என்றால் பந்தலூர் வரை போகும். அதனால் இரண்டு அக்கவுண்ட். மெயிலுக்கும் எக்செலுக்கும் ஒன்று, நிர்வாகத்துக்கு ஒன்று. ஆர்சாட் ஐகான் மேல் ஷிஃப்டை அழுத்திக்கொண்டு ரைட் கிளிக் செய்தால் வேறு யூசராகத் திறக்கும் வசதி வரும். அந்த ஒரு ஜன்னல் மட்டும் அட்மினாக ஓடும்.

டொமைன் அட்மின் பாஸ்வேர்டை வைத்து யூசர்களின் கம்ப்யூட்டரில் லாகின் ஆவதும் கூடாது. அந்தக் கம்ப்யூட்டரில் ஏற்கெனவே கெட்ட மென்பொருள் இருந்தால், நினைவகத்திலிருந்து உங்கள் அடையாளத்தை உருவிவிடும். பிரிண்டர் டிரைவர் போட லோக்கல் அட்மின் போதும். அந்த லோக்கல் அட்மின் பாஸ்வேர்ட் எல்லாக் கம்ப்யூட்டரிலும் ஒன்றாக இருக்கிறதா? அப்படியானால் லேப்ஸ் வசதியைப் பாருங்கள். ஒவ்வொரு கம்ப்யூட்டருக்கும் தனி பாஸ்வேர்டை உருவாக்கி, ஆக்டிவ் டைரக்டரியிலேயே சேமித்து, தானே மாற்றிக்கொண்டும் இருக்கும். 2023 ஏப்ரல் அப்டேட்டிலிருந்து அது விண்டோஸோடு சேர்ந்தே வருகிறது.

யூசர் நேம் எப்படி வைக்கிறது? எங்க ஆபீஸ்ல மூணு ரமேஷ், அதுல ரெண்டு பேருக்கு இனிஷியலும் ஒண்ணு.

மென்பொருள் கேட்கும் முதல் பெயர், குடும்பப் பெயர் கட்டங்கள் நம் ஊருக்காகச் செய்தவை அல்ல. என் யோசனை: லாகின் பெயர் பணியாளர் எண்ணாக இருக்கட்டும், அல்லது பெயரோடு அந்த எண்ணின் கடைசி இலக்கங்கள் சேரட்டும். இனிஷியலை நம்ப வேண்டாம். கல்யாணத்துக்குப் பிறகு இனிஷியல் மாறும். செந்தில், லட்சுமி, கீதா போன்ற பெயர்களை ஆளுக்கொரு ஸ்பெல்லிங்கில் எழுதுவார்கள், போனில் கேட்டு அடித்தால் தப்பாகத்தான் வரும். எண் மாறாது.

பழைய வகை லாகின் பெயருக்கு 20 எழுத்துதான் உச்சவரம்பு. காட்டும் பெயர் வேறு, லாகின் பெயர் வேறு என்பதால், காட்டும் பெயரில் ஊரையும் சேர்த்து "ரமேஷ் எஸ், மஞ்சூர்" என்று வைத்துவிட்டால் மெயில் அனுப்புபவர்களுக்குக் குழப்பம் வராது.

பாஸ்வேர்ட் மறந்துட்டேன்னு போன் வருது. குரல் தெரிஞ்ச ஆள்தான். உடனே மாத்திக் கொடுத்துடலாமா?

போனை வைத்துவிட்டு, உங்கள் ரிஜிஸ்டரில் உள்ள நம்பருக்கு நீங்களே திருப்பிக் கூப்பிடுங்கள். குரலைப் போலியாகச் செய்வது இன்று பெரிய வித்தை இல்லை. மேனேஜரே கூப்பிட்டாலும் இதே முறைதான். அவர் கோபித்துக்கொண்டால் விதியைக் காட்டுங்கள், விதி எழுத்தில் இருக்கட்டும்.

அப்புறம் அந்தத் தற்காலிக பாஸ்வேர்ட். எல்லோருக்கும் கம்பெனி பெயரோடு வருஷத்தைச் சேர்த்துக் கொடுக்கும் ஆபீஸ்கள் நிறைய. ஒரு தடவை ரீசெட் வாங்கியவருக்கு அடுத்தவரின் ரீசெட் பாஸ்வேர்டும் தெரியும் என்று அர்த்தம். ஒவ்வொரு தடவையும் புதிதாக ஒன்று போடுங்கள், போனில் வாயால் சொல்லுங்கள், பேக்டரி வாட்ஸப் குரூப்பில் போடாதீர்கள். அடுத்த லாகினில் மாற்ற வேண்டும் என்ற டிக் கட்டாயம் இருக்கட்டும். அதே ஜன்னலில் அக்கவுண்டை அன்லாக் செய்யும் டிக்கும் இருக்கிறது. லாக் ஆகித்தான் கூப்பிட்டிருப்பார், அதையும் சேர்த்துச் செய்துவிடுங்கள்.

மாத்திக் கொடுத்த அஞ்சு நிமிஷத்துல திரும்ப லாக் ஆகுது. தினமும் ஒரே ஆள். வைரஸா இருக்குமா?

பெரும்பாலும் வைரஸ் இல்லை. பழைய பாஸ்வேர்டை எங்கோ சேமித்து வைத்திருப்பார். அந்த இடம் விடாமல் முயற்சி செய்துகொண்டே இருக்கும், லாக் ஆகும். டொமைன் கன்ட்ரோலரின் செக்யூரிட்டி லாகில் (நடந்ததை எல்லாம் எழுதி வைக்கும் பதிவேடு) 4740 என்ற நிகழ்வு எண்ணைத் தேடுங்கள். எந்தக் கம்ப்யூட்டரிலிருந்து வந்த முயற்சியால் லாக் ஆனது என்று அதில் பெயர் இருக்கும். ஒன்றுக்கு மேல் கன்ட்ரோலர் இருந்தால் பி.டி.சி. எமுலேட்டர் என்ற தலைமைப் பொறுப்பில் உள்ளதில் பாருங்கள், லாக் ஆன செய்தி எல்லாம் அங்கே வந்து சேரும். இந்தப் பதிவேட்டைப் படிக்கவும் உங்கள் சீட்டை விட்டு எழ வேண்டாம். ஈவென்ட் வியூவரில் வேறு கம்ப்யூட்டரோடு இணையும் வசதி உண்டு.

கம்ப்யூட்டர் தெரிந்தபின் அங்கே கிரெடென்ஷியல் மேனேஜர், பழைய பாஸ்வேர்டோடு மேப் செய்த டிரைவ், ஷெட்யூல்டு டாஸ்க், சர்வீஸ் என்று வரிசையாகப் பாருங்கள். கம்ப்யூட்டர் எல்லாம் சுத்தமாக இருந்தால் அவருடைய செல்போனை வாங்கிப் பாருங்கள். ஆபீஸ் வைஃபையையோ மெயிலையோ டொமைன் பாஸ்வேர்டோடு அதில் போட்டிருப்பார்.

கூடலூர் பேக்டரிக்குப் புது ஆளைச் சேர்த்தேன். எனக்கு லிஸ்ட்ல தெரியுது. அங்கே லாகினே ஆகலைங்கறாங்க.

நீங்கள் எழுதியது குன்னூர் கன்ட்ரோலரில். கூடலூர் கம்ப்யூட்டர்கள் கேட்பது கூடலூர் கன்ட்ரோலரை. இரண்டும் தனித்தனி சைட் (தனி இடம்) என்று அமைத்திருந்தால், ஒன்றின் மாற்றம் மற்றதுக்குப் போய்ச் சேர இயல்பான இடைவெளி 180 நிமிடம். மூன்று மணி நேரம் காத்திருந்தால் தானாகச் சரியாகும், யாரும் காத்திருக்க மாட்டார்கள்.

வழி இரண்டு. உங்கள் ஆர்சாட் ஜன்னலில் டொமைன் பெயரை ரைட் கிளிக் செய்து, சேஞ்ச் டொமைன் கன்ட்ரோலர் கொடுத்து, கூடலூரையே தேர்ந்தெடுத்து அங்கேயே ஆளைச் சேர்ப்பது ஒன்று. கூடலூர் ஆளை அன்லாக் செய்யும்போதும் இதே பழக்கம் நல்லது. சைட்ஸ் அண்ட் சர்வீசஸ் கருவியில் இடைவெளியைக் குறைப்பது இரண்டாவது. 15 நிமிடம் வரை குறைக்கலாம். இன்றைய பைபர் லைனில் 180-ஐ அப்படியே விட்டு வைக்க எனக்குக் காரணம் தெரியவில்லை.

பாஸ்வேர்ட் மட்டும் விதிவிலக்கு. கூடலூர் கன்ட்ரோலரில் பாஸ்வேர்ட் பொருந்தாவிட்டால், அது உடனே நிராகரிக்காமல் பி.டி.சி. எமுலேட்டரிடம் ஒரு தடவை கேட்டுப் பார்க்கும். அதனால்தான் ரீசெட் உடனே வேலை செய்கிறது, புது அக்கவுண்ட் மட்டும் தாமதமாகிறது.

மழையில லைன் போயிட்டா மஞ்சூர்ல யாருமே லாகின் பண்ண முடியாதுங்களா?

முடியும், அதே கம்ப்யூட்டரில் முன்பு லாகின் ஆனவராக இருந்தால். கடைசியாக லாகின் ஆன 10 பேர் வரை அடையாளத்தை விண்டோஸ் இயல்பாகத் தன்னிடமே சேமித்து வைக்கும். கன்ட்ரோலர் கிடைக்காதபோது அதை வைத்து உள்ளே விடும். ஷேர் ஃபோல்டர், மெயில் எல்லாம் கிடைக்காது, ஆனால் கம்ப்யூட்டர் திறக்கும். வடகிழக்குப் பருவமழையில் மண் சரிந்து கேபிள் போனால் ஒரு நாளில் வந்துவிடும் என்று சொல்ல முடியாது. ஆகவே அக்டோபருக்கு முன்னாலேயே, மாற்று ஆளாக வரக்கூடியவர்களை அந்தக் கம்ப்யூட்டர்களில் ஒரு தடவை லாகின் செய்ய வைத்துவிடுங்கள்.

அங்கேயே ஒரு கன்ட்ரோலர் வைக்கலாமே என்று அடுத்துக் கேட்பார்கள். பூட்டிய அறை இல்லாத இடத்தில் முழு கன்ட்ரோலர் வைக்காதீர்கள். பெட்டியைத் தூக்கிப் போனால் மொத்த டொமைனின் பாஸ்வேர்ட் விவரமும் போச்சு. விண்டோஸ் சர்வர் 2008 முதல் ரீட் ஒன்லி டொமைன் கன்ட்ரோலர் என்ற வகை இருப்பது இதற்காகத்தான். அதில் எதையும் மாற்ற முடியாது. யார் யாருடைய பாஸ்வேர்ட் அங்கே தங்கலாம் என்பதையும் நீங்களே முடிவு செய்யலாம். மஞ்சூர் ஆட்கள் மட்டும் போதும், குன்னூர் அட்மின் அங்கே வேண்டாம்.

லைன் நல்லா இருக்கு, பாஸ்வேர்டும் சரி. ஒரே ஒரு கம்ப்யூட்டர்ல மட்டும் டொமைன் எதுவும் எடுக்கலை.

கடிகாரத்தைப் பாருங்கள். அடையாளத்தைச் சரிபார்க்க டொமைன் பயன்படுத்தும் கெர்பரோஸ் முறை இயல்பாக 5 நிமிட வித்தியாசத்தைத்தான் பொறுக்கும். மதர்போர்டு பேட்டரி செத்த கம்ப்யூட்டர், கரண்ட் போய் வந்ததும் பழைய தேதிக்குப் போய்விடும். புதுப் பேட்டரி போட்டால் தீர்ந்தது.

நடுவட்டத்துல ரோடு பிளாக். ஆபீசுக்கு வர முடியலை. வீட்ல இருந்து பார்க்க ரூட்டர்ல 3389 போர்ட்டைத் திறந்து வெச்சுக்கட்டுமா?

வேண்டாம். ரிமோட் டெஸ்க்டாப் போர்ட்டை இணையத்துக்கு நேரே திறந்து வைத்தால், உலகம் முழுவதும் ஓடிக்கொண்டிருக்கும் தேடல் நிரல்கள் கண்டுபிடித்துப் பாஸ்வேர்டை முயற்சி செய்ய ஆரம்பிக்கும். போர்ட் எண்ணை மாற்றி வைத்தாலும் அதே கதைதான். பணம் கேட்டு ஃபைல்களைப் பூட்டும் கும்பல்கள் நுழையும் வழிகளில் இது பழையது, இன்னும் வேலை செய்வது.

வெளியிலிருந்து ஆபீஸ் நெட்வொர்க்குக்குள் வரும் பாதுகாப்பான தனிப் பாதையான வி.பி.என். போடுங்கள், அதற்கு இரண்டாவது அடையாளச் சோதனையும் போடுங்கள். வி.பி.என். வழியாக ஆபீஸில் உள்ள உங்கள் கம்ப்யூட்டருக்கு வந்து, அங்கிருந்து ஆர்சாட்டைத் திறங்கள். அப்படிச் செய்தால் 389, 88, 135, 445 என்று பல போர்ட்டுகளை வீட்டுப் பக்கம் திறந்துவிட வேண்டியதில்லை. பவர்ஷெல்லின் ஆக்டிவ் டைரக்டரி கட்டளைகளுக்கு வேண்டிய 9389-உம் ஆபீஸுக்குள்ளேயே நிற்கும். மழைக்காலத்துக்கு அந்தக் கம்ப்யூட்டர் தூங்காமல் இருக்கும்படி பவர் செட்டிங்கைப் பார்த்து வையுங்கள். கரண்ட் போய் வந்தால் தானே ஆன் ஆகும்படி பயாஸிலும் ஒரு வசதி இருக்கும்.

லேப்டாப்போட கோயமுத்தூர் போன மேனேஜருக்கு பாஸ்வேர்ட் மாத்திக் கொடுத்தேன். லேப்டாப் புதுசை ஏத்துக்கலை, பழசைத்தான் எடுக்குது.

மஞ்சூர் கேள்வியில் சொன்ன அதே சேமித்த அடையாளம்தான் காரணம். நீங்கள் மாற்றிய செய்தி லேப்டாப்புக்குத் தெரியாது. அவரைப் பழைய பாஸ்வேர்டில் உள்ளே வரச் சொல்லுங்கள். வி.பி.என்.னைப் புதிய பாஸ்வேர்டில் இணைக்கட்டும். விண்டோஸ் பட்டனையும் எல் எழுத்தையும் அழுத்தித் திரையைப் பூட்டி, புதிய பாஸ்வேர்டில் திறக்கட்டும். அத்தோடு லேப்டாப் புதியதைக் கற்றுக்கொள்ளும். இந்த மாதிரி ஆளுக்கு மட்டும் "அடுத்த லாகினில் மாற்று" டிக்கைப் போடாதீர்கள், பல வி.பி.என்.கள் அந்த நிலையில் உள்ளே விடாது.

பழைய பாஸ்வேர்டே மறந்துவிட்டது என்றால், லாகினுக்கு முன்பே இணையும் வி.பி.என். இருந்தால் பிழைத்தோம். இல்லாவிட்டால் லேப்டாப் மலை ஏறி வர வேண்டியதுதான்.

வேலையை விட்டுப் போனவரோட அக்கவுண்டை அன்னைக்கே டெலீட் பண்ணிடறேன். சரிதானே?

அன்றைக்கே டிசேபிள் செய்வது சரி. டெலீட் அவசரம் வேண்டாம். ஒவ்வொரு அக்கவுண்டுக்கும் உள்ளுக்குள் எஸ்.ஐ.டி. என்ற தனி எண் உண்டு, ஃபோல்டர் உரிமைகள் எல்லாம் அந்த எண்ணோடுதான் ஒட்டியிருக்கும். அவரே அடுத்த மாதம் திரும்பி வந்து, அதே பெயரில் நீங்கள் புதிதாக உருவாக்கினாலும் எண் வேறு. பழைய உரிமை எதுவும் வராது. எஸ்டேட்டில் போனவர் திரும்பி வருவது அபூர்வமா என்ன?

"விலகியவர்கள்" என்று ஒரு ஓ.யு. (டைரக்டரிக்குள் யூசர்களைப் பிரித்து வைக்கும் ஃபோல்டர் மாதிரி) வைத்து அதற்குள் நகர்த்தி, குறிப்பில் தேதியும் காரணமும் எழுதிவிடுங்கள். கணக்கு ஆண்டு முடிந்து ஆடிட்டும் ஆனபின் டெலீட் செய்யலாம். டெலீட் செய்தது தப்பு என்று தெரிந்தால் மீட்க ரீசைக்கிள் பின் உண்டு, ஆனால் அதை நீங்கள் முன்கூட்டியே இயக்கி வைத்திருக்க வேண்டும். விண்டோஸ் சர்வர் 2008 ஆர்2-இல் வந்த வசதி. இயல்பாக 180 நாள் தாங்கும், ஒரு தடவை இயக்கினால் நிறுத்த முடியாது. மெயில் கூகுள் வொர்க்ஸ்பேஸில் இருந்தால் டெலீட் செய்த யூசரை 20 நாளுக்குள் மீட்க வேண்டும், மைக்ரோசாப்ட் 365 என்றால் 30 நாள்.

டிசேபிள் பண்ணியாச்சு. ஆனா அவர் இன்னும் ஷேர் ஃபோல்டர்ல இருக்காரே?

டிசேபிள் என்பது புதிதாக நுழைவதைத் தடுக்கும். ஏற்கெனவே உள்ளே இருப்பவரைப் பிடித்து வெளியே தள்ளாது. காலையில் லாகின் ஆனபோது வாங்கிய கெர்பரோஸ் டிக்கெட்டுக்கு இயல்பாக 10 மணி நேர ஆயுள். உங்கள் சீட்டிலிருந்தே கம்ப்யூட்டர் மேனேஜ்மென்ட்டைத் திறந்து, ஃபைல் சர்வரோடு இணைத்து, ஷேர்டு ஃபோல்டர்ஸில் செஷன்ஸ் பகுதியில் அவர் பெயரைத் தேடி மூடுங்கள். அவர் கம்ப்யூட்டரையும் ரீஸ்டார்ட் செய்துவிடுங்கள்.

மனக்கசப்போடு போகும் ஆள் என்றால் வரிசை முக்கியம். முதலில் வி.பி.என்., அப்புறம் மெயிலும் செல்போனில் உள்ள மெயிலும், அப்புறம் டொமைன் அக்கவுண்ட், பாஸ்வேர்டையும் மாற்றிவிடுங்கள். கையில் லேப்டாப் இருந்தால், இணையம் இல்லாமல் சேமித்த அடையாளத்தில் அதைத் திறந்துகொண்டே இருக்கலாம். அதைத் தடுக்க லேப்டாப்பை வாங்கி வைப்பதுதான் வழி, சாப்ட்வேரில் தேடாதீர்கள்.

இலை எடை போடற கவுண்டர்ல மூணு பேருக்கும் ஒரே லாகின். ஆளுக்கொண்ணு போடலாம்னா மேனேஜர் ஒத்துக்க மாட்டேங்கறார்.

மேனேஜர் பக்கம் நியாயம் இருக்கிறது. சாயந்திரம் பிக்கப் வண்டிகள் வரிசையாக நிற்கும். சாக்கு இறங்க இறங்க தராசு ஓட வேண்டும். கை ஈரம், கீபோர்டு மேல் பாலித்தீன் உறை. அந்த நேரத்தில் லாக் ஆஃப் செய்து வேறு ஆள் லாகின் ஆவதற்குள் வெளியே சத்தம் வந்துவிடும். ஆனால் மழை நாளில் ஈரத்துக்கு எவ்வளவு கழித்தீர்கள், யார் கழித்தது என்று ஒரு விவசாயி வந்து கேட்டால், மூன்று பேரும் ஒரே பெயரில் இருந்தால் பதில் கிடையாது.

நான் சொல்லும் சமரசம்: விண்டோஸுக்கு ஒரு கவுண்டர் அக்கவுண்ட் போதும், ஆனால் அதை நன்றாகக் கட்டிப் போடுங்கள். அக்கவுண்ட் பகுதியில் "லாக் ஆன் டூ" கொடுத்து அந்த ஒரு கம்ப்யூட்டருக்கு மட்டும் அனுமதி, லாகான் அவர்ஸில் பேக்டரி நேரம் மட்டும், மெயில் கிடையாது, எடை ஃபோல்டர் தவிர வேறு எதுவும் கிடையாது. ஆள் அடையாளத்தை எடை மென்பொருளுக்குள் கேளுங்கள், நாலு இலக்க பின் எண் அடிக்க இரண்டு விநாடி. மென்பொருளில் அந்த வசதி இல்லை என்றால் சப்ளையரிடம் கேட்டு வாங்குங்கள்.

கோத்தகிரி ஹெட் கிளார்க்குக்கு அந்த பேக்டரி ஆளுங்க பாஸ்வேர்டை ரீசெட் பண்ற உரிமை மட்டும் கொடுக்க முடியுமா?

முடியும், கொடுக்கவும் வேண்டும். கோத்தகிரி ஆட்களை ஒரு ஓ.யு.வில் வைத்து, அதை ரைட் கிளிக் செய்து டெலிகேட் கன்ட்ரோல் கொடுங்கள். வரும் பட்டியலில் பாஸ்வேர்ட் ரீசெட் வரியை மட்டும் டிக் செய்யுங்கள். ஆள் பெயருக்கு நேரே கொடுக்காமல் "கோத்தகிரி ரீசெட்" என்று ஒரு குரூப் உருவாக்கி அதற்குக் கொடுத்தால், ஹெட் கிளார்க் மாறும்போது குரூப்பில் ஆளை மாற்றினால் போதும்.

இதில் ஒரு பொறி. ரீசெட் உரிமை கொடுத்தால் அன்லாக் உரிமை தானாக வராது. அவர் ரீசெட் செய்வார், அக்கவுண்ட் பூட்டியே இருக்கும், உங்களுக்குத்தான் போன் வரும். திரும்ப அதே விசார்டில் கஸ்டம் டாஸ்க் போய், யூசர் ஆப்ஜெக்டுகளுக்கு லாக்அவுட் டைம் என்ற பண்பைப் படிக்கவும் எழுதவும் தனியாக அனுமதி கொடுக்க வேண்டும்.

ஜூன் மாசம் பள்ளி திறந்தா நூத்துக்கணக்குல புதுப் பிள்ளைங்க. ஒவ்வொண்ணா அடிக்கறதா?

அட்மிஷன் எக்செலை சி.எஸ்.வி.யாகச் சேமித்து, பவர்ஷெல்லில் இம்போர்ட்-சிஎஸ்வி, நியூ-ஏடியூசர் இரண்டையும் சேர்த்து ஓட்டுங்கள். ஓட்டும் முன் கட்டாயம் வாட்இஃப் சேர்த்து ஒரு தடவை. எதையும் செய்யாமல், என்ன செய்யப்போகிறேன் என்று மட்டும் சொல்லும். தமிழ்ப் பெயர்கள் இருந்தால் யூ.டி.எஃப்-8 வடிவில் சேமியுங்கள், இல்லாவிட்டால் கேள்விக்குறிகளாக வரும். பிள்ளைகளை வகுப்பு பெயரில் ஓ.யு. பிரிக்காதீர்கள், சேர்ந்த வருஷத்தால் பிரியுங்கள். வகுப்பு வருஷா வருஷம் மாறும்.

மாசாமாசம் எல்லாரையும் பாஸ்வேர்ட் மாத்த வைக்கணுமா?

வேண்டாம். விண்டோஸ் டொமைனின் இயல்பான காலம் 42 நாள், அதை யாரும் தொடாமல் விட்டதால்தான் இந்த வழக்கம். அமெரிக்காவின் தரநிலை அமைப்பான நிஸ்ட் 2017-இல் வெளியிட்ட வழிகாட்டியே, கசிந்ததற்கு அறிகுறி இல்லாமல் கால அடிப்படையில் மாற்றச் சொல்லக் கூடாது என்கிறது. மாற்றச் சொன்னால் மக்கள் கடைசியில் 1 இருந்ததை 2 ஆக்குவார்கள், அல்லது மானிட்டரில் ஒட்டுவார்கள். நீளத்தைக் கூட்டுங்கள். இயல்பான 7 எழுத்து போதவே போதாது.

கடைசியா எப்ப லாகின் ஆனார்னு பார்த்தா போன வாரத் தேதி காட்டுது. ஆள் இப்பதான் என் முன்னால உட்கார்ந்திருக்கார்.

தேதி இரண்டு வகை. லாஸ்ட் லாகான் துல்லியமானது, ஆனால் அந்தந்த கன்ட்ரோலரிலேயே நின்றுவிடும், மற்றதுக்குப் போகாது. லாஸ்ட் லாகான் டைம்ஸ்டாம்ப் எல்லா இடத்துக்கும் போகும், ஆனால் 14 நாள் வரை பின்தங்கியிருக்கலாம். 90 நாளாக வராதவர்களைக் களையெடுக்க இரண்டாவது போதும். நேற்று வந்தாரா என்று அறிய முதலாவதை, குன்னூர், கூடலூர் இரண்டு கன்ட்ரோலரிலும் பார்க்க வேண்டும்.

இந்த அக்கவுண்டை யார் உருவாக்கினது, யார் டிசேபிள் பண்ணினதுன்னு ஆடிட்டர் கேட்கறார். எங்கே பார்க்கறது?

4740-ஐத் தேடிய அதே செக்யூரிட்டி லாகில். 4720 உருவாக்கியது, 4724 பாஸ்வேர்ட் ரீசெட், 4725 டிசேபிள், 4726 டெலீட், 4728 குளோபல் குரூப்பில் சேர்த்தது. ஒவ்வொன்றிலும் செய்தவர் பெயர் இருக்கும். நாலு பேர் அட்மினிஸ்ட்ரேட்டர் என்ற ஒரே அக்கவுண்டைப் பகிர்ந்தால் அந்தப் பெயரால் பயனில்லை. இதற்காகவும்தான் ஆளுக்கொரு நிர்வாக அக்கவுண்ட் கேட்கிறேன்.

பதிவேடு நிரம்பினால் பழையது அழிந்துபோகும், ஆகவே ஈவென்ட் ஃபார்வர்டிங் வைத்து வேறு கம்ப்யூட்டருக்குக் கடத்துங்கள். இந்தியாவில் மத்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரல் 28 அன்று வெளியிட்ட உத்தரவின்படி நிறுவனங்கள் 180 நாள் லாக் பதிவுகளை வைத்திருக்க வேண்டும், குறிப்பிட்ட வகைத் தாக்குதல்களை 6 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும். கடிகாரங்களை என்.ஐ.சி. (தேசிய தகவலியல் மையம்) அல்லது என்.பி.எல். (தேசிய இயற்பியல் ஆய்வகம்) நேரத்தோடு ஒத்துவைக்கவும் அதில் சொல்லியிருக்கிறது. பேட்டரி கேள்விக்கு இன்னொரு காரணம் கிடைத்தது.

நானே ஆஸ்பத்திரியில படுத்துட்டா? எனக்குத் தவிர யாருக்கும் அட்மின் பாஸ்வேர்ட் தெரியாது.

அன்றாடம் பயன்படுத்தாத இரண்டாவது டொமைன் அட்மின் அக்கவுண்ட் ஒன்றை உருவாக்கி, நீளமான பாஸ்வேர்டை எழுதி, கவரில் போட்டு ஒட்டி, மேல் கையெழுத்திட்டு, ஜெனரல் மேனேஜரின் பெட்டகத்தில் வைக்கச் சொல்லுங்கள். டொமைன் கன்ட்ரோலரைப் பழுதுபார்க்கும்போது கேட்கும் டி.எஸ்.ஆர்.எம். பாஸ்வேர்ட் வேறு, அதையும் அதே கவரில் எழுதுங்கள். அதை நிறுவிய அன்று அடித்ததோடு எல்லோரும் மறந்திருப்பார்கள். கவர் வைத்த அக்கவுண்டில் யாராவது லாகின் ஆனால் உங்களுக்கு மெயில் வரும்படி அமைத்துக்கொள்ளுங்கள். வருஷத்துக்கு ஒரு தடவை கவரைத் திறந்து, பாஸ்வேர்ட் வேலை செய்கிறதா என்று பார்த்து, புதியதைப் போட்டு மறுபடி ஒட்டுங்கள். மழைக்கு முன்னால் செய்தால் நல்லது.